குருசடியில் கஸ்பாரின் முகம்

மைக்செட்காரன் குழாயை ஊதி ஊதிச் சோதித்துக்கொண்டிருந்தபோதே கித்தேரி வந்து பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் வரிசை கஸ்பார் வீட்டாருக்கு. அதில் உட்கார அவளுக்கு அழைப்பும் இல்லை, ஆசையும் இல்லை. இரும்பு நாற்காலி சாயங்கால வெயிலில் கிடந்து சுட்டது. சுடட்டும். எதிரே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீலத்துணி போர்த்தி நிற்கிறது அது. உலகப் போரில் உயிரைத் துச்சமாக மதித்து எஜமானைக் காத்த விசுவாச மாலுமி சாரங் கஸ்பார் பர்னாந்து நினைவுத்தூண் என்று ஒரு வாரமாகச் சங்குமுனைச் சுவரெல்லாம் நோட்டீஸ். துச்சமாக மதித்தானாம். யாருடைய உயிரை என்று நோட்டீஸில் போடவில்லை. அந்த நீலத்துணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்தவளே அவள்தான். கஸ்பாரின் மகன் ஆல்பர்ட் துணியைக் கொண்டுவந்து தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, "அத்தை, அப்பாவுக்கு மூடுற துணி, காத்துல பிரிஞ்சிராம நல்லா அடிச்சுத் தாங்க" என்றான். அத்தையாம். முறை வைத்துக் கூப்பிடுவதில் குறைச்சல் இல்லை. ஒரு தையலுக்கு ஒரு சாபம் என்று வைத்துக்கொண்டு அடித்தாள்; துணி முடிவதற்குள் சாபம் தீர்ந்துபோய், ஆரம்பத்திலிருந்து திரும்பவும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு ஏதாவது செய்தாக வேண்டும். என்ன என்று தெரியவில்லை. புருஷனைக் கொன்றவனுக்கு ஊர் கூடிச் சிலை வைக்கிறது, அவள் ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டுக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஆகிவிடக் கூடாது. ஊருக்குத் தெரியாது, அவன் கொன்றான் என்று. அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறாள். அந்த 'நினைக்கிறாள்' இருக்கிறதே, அதுதான் மூன்று வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

சப் கலெக்டர் பேச ஆரம்பித்தார். சின்னப் பையன், கழுத்தில் விழுந்த ரோஜா மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தான். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான். நீர்மூழ்கிக் கப்பல் விட்ட குண்டு, நடுக்கடலில் தீ, தப்பிக்கப் படகில் குதித்தவர்கள் குதிக்க, வெள்ளைக்காரக் கேப்டனைத் தோளில் சுமந்துகொண்டு கடைசி ஆளாக இறங்கிய நம் கஸ்பார். ராஜா கொடுத்த மெடல். ஆட்கள் கை தட்டினார்கள். கித்தேரியும் தட்டினாள், தட்டாவிட்டால் பக்கத்திலிருக்கிறவள் பார்ப்பாள். கேப்டனைத் தூக்கத் தோள் இருந்தது. சரி. அதே கப்பலின் அடிவயிற்றில், கொதிகலன் முன்னால் நின்று கரி அள்ளிக்கொண்டிருந்த அவள் புருஷன் தொம்மையைத் தூக்க என்ன இருந்தது? ஒன்றும் இருந்திருக்காது. இருவரும் ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே நாளில் பம்பாய்க்கு ரயில் ஏறினவர்கள். கஸ்பார் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவனாகி சாரங் ஆனான், தொம்மை கீழேயே கிடந்தான். லீவில் வந்தால் காதுக்குள்ளிருந்து கரித்தூள் எடுத்துக் கொடுப்பதே அவளுக்கு ஒரு வேலை. தேங்காய் எண்ணெயில் துணித் திரியை நனைத்து விடுவாள், கறுப்பாக வரும். "இன்னும் இருக்கு பாரு, கப்பலையே உள்ள வச்சிருக்கேன்" என்பான். காது கூசும், சிரிப்பான், திரியைத் தட்டிவிடுவான். கதவைச் சாத்தித் தூங்க மாட்டான் அவன். கல்யாணமான புதிதில் அதுவே பெரிய சண்டை. புது மாப்பிள்ளை வாசல் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினால் தெரு என்ன சொல்லும்? "கீழ இருக்கிறப்ப மேல ஒரு இரும்புக் கதவு உண்டு கித்தேரி. அது சாத்துற சத்தம் ஒரு நாள் கேட்டா உனக்குத் தெரியும்" என்றான். அவள் கேட்டதில்லை. ஆனால் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், தையல் மெஷினை மிதிக்கும்போது, உலைமூடியை வைக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரி பெட்டியை அடைக்கும்போது. சப் கலெக்டர் விசுவாசம் என்று நாலாவது தடவையாகச் சொன்னார். அந்தச் சொல்லை எடுத்து அவர் வாயிலேயே திணிக்கலாம் போலிருந்தது.

போர் முடிந்து கஸ்பார் திரும்பி வந்த அன்று தேவமாதா கோயில் முன்னால் வெடி போட்டார்கள். அவள் ஓடினாள், தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல். கஸ்பார் வண்டியிலிருந்து இறங்கினான். பின்னால் யாரும் இறங்கவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள், ஏதோ தொம்மை மூட்டைக்கு அடியில் ஒளிந்து விளையாடுகிற மாதிரி. கஸ்பார் அவள் முகத்தைப் பார்க்காமல், வண்டிமாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "டர்பன்ல கப்பல் நின்னப்ப இறங்கிட்டான் மயினி. ஒருத்தியோட போயிட்டான். நான் எவ்வளவோ சொன்னேன்." அவ்வளவுதான். ஒரு வாய்ச் சொல்லில் அவள் ஓடிப்போனவன் பெண்டாட்டி. செத்தான் என்று சொல்லியிருந்தால்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். அது புரிய அவளுக்குப் பாதி ஆயுள் பிடித்தது. சங்குமுனையில் கடலில் செத்தவனுக்குக் கல்லறை கிடையாது, கரையில் நின்ற கல்சிலுவை, அந்தக் கல்குருசுதான் கல்லறை. சாவுச் சேதியைக் கொண்டுவந்தவன் அந்தக் கல்லில் கை வைத்து, ஊர் பார்க்க, கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். எங்கே, எப்படி, கடைசியாக என்ன பேசினான் என்று. கோயிலில் மணியடித்து வேலை பார்க்கிற கோயில்பிள்ளை 'சாட்சி யாரு' என்று கேட்பார், சாட்சி சொல்வான். அதற்கப்புறம்தான் பெண்டாட்டி தாலியைக் கழற்றிக் குருசில் போடுவாள், சாமியார் செபம் சொல்வார், துக்கமணி அடிக்கும். போட்ட தாலியை ஊரில் ஒருத்தரும் தொட மாட்டார்கள், உப்புக்காற்று தின்று தீர்க்கும்வரை. கல்லில் கை வைத்துப் பொய் சொன்னவன் வம்சம் விளங்காது என்று ஊருக்கே பயம். ஓடிப்போனவனுக்குச் சாட்சி வேண்டாம், கல் வேண்டாம், கை வைக்க வேண்டாம். என்ன சாமர்த்தியம்! செத்தவனை ஓட வைத்துவிட்டான். அந்த நாளிலிருந்து சாகிற நாள்வரை கஸ்பார் கல்குருசுப் பக்கம் கால் வைத்ததில்லை. ஊர்ச் சப்பரம் கரைக்கு வரும்போதுகூடத் தெருமுனையிலேயே நின்று கும்பிட்டுக்கொள்வான். பெரிய மனுஷன், அடக்கம் என்றார்கள். அடக்கமாம்.

கல்யாண வீட்டில் சுமங்கலிகளைக் கூப்பிடும்போது அவளைக் கூப்பிட மாட்டார்கள், துக்க வீட்டில் விதவைகளைத் தனியாக உட்கார வைக்கும்போதும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். எந்தப் பக்கம் உட்கார? நடுவாசலில் நிற்பாள், செருப்புகளைப் பார்த்துக்கொண்டு. கலர்ச் சேலை கட்டினால், யாருக்காக என்பாள் ஒருத்தி. வெள்ளை கட்டினால், அடியே உயிரோடு இருக்கிறவனைக் கொல்லுகிறாயே என்பாள் இன்னொருத்தி. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் தபால்காரனோ என்று எழுந்த காலம் போய், மணி கேட்டாலே எரிச்சல் வந்த காலமும் போயிற்று. டர்பன்காரியை எத்தனை வருஷம் வைதிருக்கிறாள்! முகம் கூடக் கொடுத்திருந்தாள் அவளுக்கு. தடித்த உதடு, மூக்கில் பெரிய வளையம், தொம்மையின் காதில் எண்ணெய்த் திரி விடுகிற கை. அந்தக் கையைத்தான் ரொம்ப வெறுத்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியார் நவநாள் பூசையில் வேண்டுதல் கருத்து எழுதி வைப்பாள், காணாமல் போனதைத் தேடித்தருகிறவர் அவர்தானே, 'காணாமல் போன தொம்மை திரும்பி வர' என்று. பங்குச் சாமியார் மரியநாதர் பூசை நடுவில் வாசிப்பார். வாசித்து வாசித்து அந்த வரி ஊருக்கே மனப்பாடம். வாசிக்கும்போது பின்பக்கம் ஒரு கிசுகிசுச் சிரிப்பும் மனப்பாடம்.

அப்புறம், மூன்று வருஷத்துக்கு முந்தி, அந்தச் செவ்வாய். கஸ்பார் செத்து அடக்கம் முடிந்த மறுவாரம். மழை வந்து கோயில் ஓடு ஒழுகி, பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள், சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கஸ்பார் வயிற்றில் கட்டி வந்து கிடந்து செத்தான். கடைசியில் மரியநாதர் சாமியாரை வரவழைத்து, வீட்டாரையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு வெகுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்தான். சாமியார் வெளியே வந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது என்று ரெஜினாவே, அவன் பெண்டாட்டியே, சொல்லி அழுதாள். அவ்வளவு பக்தியாக அழுது பாவத்தைச் சொன்னாகளாம் அவுக. அந்தச் செவ்வாய் பூசையில் சாமியார் கருத்துகளை வாசித்து வந்தார். காய்ச்சல் குணமாக, பரீட்சை பாஸாக, படகு வாங்க. அப்புறம், அதே குரலில், நிறுத்தாமல், "இறந்துபோன தொம்மையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." வாளியில் சொட்டு விழுந்தது. யாரோ சிரித்தார்கள். சாமியார் நிறுத்தினார். இருமினார். "காணாமல் போன தொம்மை திரும்பி வர" என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தில் குரல் செத்திருந்தது. கித்தேரி பார்த்தாள்: வயதான காது இரண்டும் சிவந்திருந்தன, கை பீடத்துணியைப் பிடித்திருந்தது, விழாமல் இருக்கப் பிடிக்கிற பிடி. பூசை முடிந்து சாமியாரின் அறைக்குப் போனாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நாக்கு பிறண்டுட்டு கித்தேரி. வயசாச்சுல்லா" என்றார், திரும்பாமல். அதற்கப்புறம் செவ்வாய்ப் பூசையை உதவிச் சாமியார் வைத்தார். அடுத்த கோடையில் மரியநாதர் சாமியார் தாமே கேட்டு, வயதான சாமியார்கள் இருக்கிற இல்லத்துக்குப் போய்விட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. தெரியும். அவருக்கு அந்தச் சட்டம். நாக்குக்குச் சட்டம் தெரியவில்லை, அது செத்தவனைச் செத்தவன் என்றது.

இப்போது அவரைத்தான் நாலு பேர் பிடித்து மேடை ஏற்றுகிறார்கள். நினைவுத்தூணை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க அவரே வர வேண்டும் என்று ஆல்பர்ட் கார் அனுப்பிக் கூட்டிவந்திருக்கிறான். அப்பாவின் கடைசிப் பாவத்தைக் கேட்டவராயிற்றே. நின்றால் கால் நடுங்குகிறது என்று பிரம்பு நாற்காலி போட்டார்கள். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பாரும் சாமி. பாரும். பார்க்க மாட்டார். கித்தேரிக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது. நாக்கு பிறண்டதுதானா? கிழவர், நாள் முழுக்க சாவு வீடு, இளைப்பாற்றி செபம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழக்கம், அதில் ஒரு பெயர் வழுக்கி விழுந்திருக்கலாம். அவ்வளவுதானோ? அப்படியானால் டர்பனில் ஒரு வீட்டில், கிழவனாகி, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, தொம்மை இப்போது காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். பேரன்கள் கூட இருக்கலாம். இவள் இங்கே ஒரு நல்ல மனுஷனை, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கப்பல் வேலை வாங்கிக் கொடுத்தவனை, கொலைகாரன் என்று மூன்று வருஷமாகக் கறுவிக்கொண்டு. இரண்டில் எது வேண்டும் உனக்கு? கேள்வி முகத்துக்கு நேராக வந்து நின்றது. தொம்மை உயிரோடு இருப்பதா? செத்திருப்பதா? ஒரு பெண்டாட்டி யோசிக்கவே கூடாத கேள்வி. அவள் யோசித்தாள். செத்திருக்கட்டும். அவளுக்கு அவன் செத்திருக்க வேண்டும். சும்மா சாகக் கூடாது, கொலையாகி இருக்க வேண்டும். என்னை விட்டுப் போகவில்லை, என்னிடம் வர விடவில்லை, அவ்வளவு போதும். அந்த ஆசையைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது, ஆனால் விடவில்லை, முந்தானைக்குள் கையை வைத்துத் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எப்படிக் கொன்றான் என்று தெரியாததால் நூறு விதமாகக் கொன்றான். சில நாள் அந்த இரும்புக் கதவை அவனே சாத்துகிறான். கீழே தண்ணீர் ஏறுகிறது, வெள்ளைக்காரன் சாத்து என்கிறான், எஜமான் சொன்னால் அப்பீல் உண்டா, சாத்துகிறான், உள்ளே தட்டுகிறார்கள். சில நாள் தொம்மை எப்படியோ மேலே வந்து கடலில் குதித்து நீந்தி வருகிறான், படகின் விளிம்பைப் பிடிக்கிறான், படகு தாங்காது என்று யாரோ சொல்ல, கஸ்பார் துடுப்பின் கட்டையால் விரலில் அடிக்கிறான். சில நாள் படகிலேயே இருக்கிறான் தொம்மை, உதடு வெடித்து, இருக்கிற ஒரு குவளைத் தண்ணீர் கேப்டனுக்குப் போகிறது. ஒரு நாள்கூட கஸ்பார் அழவில்லை அவள் கனவில். அவன் அழுதான் என்று ரெஜினா சொன்னாளே, அதை மட்டும் கித்தேரி உள்ளே விடவில்லை. அழுதவனை மன்னிக்க வேண்டி வரும். சாகிற நேரத்தில் சாமியாரிடம் அழுது மன்னிப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டான், மோட்சத்தில் கூட முதல் வரிசைதான் அவனுக்கு. நாலு வீடு தள்ளி இருந்தாளே அவள்! ஆளனுப்பி, கித்தேரி, இப்படி ஆகிப்போச்சு என்று ஒரு வார்த்தை. அவள் முகத்தில் துப்பியிருப்பாள், அப்புறம் தாலியைக் கழற்றியிருப்பாள், அப்புறம் அழுதிருப்பாள், அப்புறம் மனுஷியாக நடமாடியிருப்பாள். கடவுளிடம் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டான். கடவுளா காத்துக்கிடந்தது?

மேளம் கொட்டினார்கள். ரெஜினாவை மகன் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். நல்ல வெள்ளைச் சேலை, கணக்கான விதவை, ஊரே எழுந்து நின்று மரியாதை செய்கிற விதவை. கயிற்றை இழுத்தாள். துணி ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை. ஆல்பர்ட் எம்பி இழுத்தான். விழுந்தது. சிமெண்டில் நாலு பட்டைத் தூண். உச்சியில் ஒரு சிலுவை, அதற்குக் கீழே ஆள் மட்டத்தில் கஸ்பார், மார்பளவு. சிற்பி அவனுக்குக் கேப்டன் தொப்பியே வைத்துவிட்டான், சாரங்குக்கு எங்கே கிடைத்தது அந்தத் தொப்பி என்று யாரும் கேட்கவில்லை. கித்தேரி அதைப் பார்க்கவில்லை. தூண் நிற்கிற மேடையைப் பார்த்தாள். பழைய கருங்கல் படி. புயலில் கல்குருசு உடைந்து விழுந்தபின் வெறும் படியாகக் கிடந்தது. ஊரில் காசில்லை, ஆல்பர்ட் நான் கட்டித் தருகிறேன் என்றான், ஊர் சந்தோஷமாகத் தலையாட்டியது. கட்டித் தந்துவிட்டான். சாக்கு மறைப்புக்குள் கட்டியதால் இதுவரை அவளுக்கு உறைக்கவில்லை. இதுதான் இனிமேல் குருசு. கடலில் புருஷனைப் பறிகொடுத்தவள் இனி எவளானாலும் இந்த மூஞ்சிக்கு முன்னால் வந்து நின்றுதான் தாலி கழற்ற வேண்டும். கல்லைத் தொடப் பயந்து ஆயுள் முழுக்கச் சுற்றிப் போனவனைக் கல்லோடு சேர்த்துப் பூசிவைத்திருக்கிறார்கள். அவளுக்குக் காதில் இரைந்தது. சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐயா கஸ்பார், இப்போது எங்கே போவீர்? மரியநாதர் சாமியார் நாற்காலியில் இருந்தபடியே தீர்த்தம் தெளித்தார். பாதி அவர் மடியிலேயே விழுந்தது. ஒலிபெருக்கியில் தாய்மார்கள் வரிசையாக வந்து பூப் போடலாம் என்றார்கள்.

வரிசையில் நின்றாள். முன்னால் நிற்கிறவளின் கூந்தலில் கனகாம்பரம். பின்னால் நிற்கிறவள் குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. கையில் ஆளுக்கு ஒரு பிடி செவ்வந்தி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். துப்பிவிட்டு வரலாம். துப்பினால் பைத்தியம் என்பார்கள், துடைத்துவிடுவார்கள். கத்தலாம். கத்தினால் இரண்டு பேர் பிடித்து வீட்டில் விடுவார்கள், பாவம் புருஷன் போனதிலிருந்தே இப்படி என்பார்கள். என்ன செய்தாலும் அவன் சிமெண்டாக நிற்பான். ஒரு எட்டு, இன்னொரு எட்டு. கனகாம்பரக்காரி போட்டுவிட்டு விலகினாள். கஸ்பாரின் முகம் நேருக்கு நேர். மீசையைச் சிற்பி நன்றாகச் செய்திருந்தான். அவள் பூவைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு கையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்த் தாலிச்சரடைத் தலைவழியாகக் கழற்றினாள். அவ்வளவு லேசாக வந்துவிட்டது. இவ்வளவு வருஷம் கழுத்தில் கிடந்ததா இது? கழுத்துக் குளிர்ந்தது. வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

தூணுக்குப் பக்கத்தில் நின்ற கோயில்பிள்ளை மிக்கேல், எத்தனையோ கடல்சாவுக்கு இதே படியில் நின்றவர், தாலியைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மனசு யோசிப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது:

"யாருக்கு?"

"தொம்மைக்கு."

"சாட்சி யாரு?"

கித்தேரி கஸ்பாரின் சிமெண்டுக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். "இவரு."

ஆல்பர்ட் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான். "அத்தை! என்ன செய்யுதிய? கூட்டத்துல வந்து... எங்கப்பா எப்ப சாட்சி சொன்னாரு? தொம்மை மாமா டர்பன்லல்லா..."

"நீ இருப்பா" என்றாள். கத்தவில்லை, மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது. அவள் மேடையைப் பார்த்தாள். "சாமி, நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. நீங்க சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். எம்புருசன் எங்கயாவது உசுரோட இருந்தா, இந்தா, வந்து என் கையப் புடிச்சுத் தடுத்துருங்க. உசுரோட இருக்கவனுக்குப் பொண்டாட்டி தாலி கழத்துறத எந்தச் சாமியாராவது பாத்துட்டு இருப்பாரா? அவ்வளவுதான். வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

காற்றில் ஒலிபெருக்கி உறுமியது. மரியநாதர் சாமியார் தலையைத் தூக்கினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்தார். கித்தேரி அவருக்கு இரங்கவில்லை. தவியும் சாமி, நன்றாகத் தவியும், நான் தவித்ததில் ஒரு வீசம் இல்லை இது. ஒருவேளை எழுந்து வந்து கையைப் பிடித்துவிட்டால்? பிடித்துவிட்டால் தொம்மை உயிரோடு இருக்கிறான், அவள் ஒன்றுமில்லாதவள். தாலி விரலில் ஆடியது. வந்துவிடாதேயும். அங்கேயே இரும். தயவு செய்து அங்கேயே இரும்.

சாமியார் நாற்காலிக் கைகளை ஊன்றி எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பிடிக்கப் போனார்கள், உதறினார். நின்றார். நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டு, இறந்தவர்களுக்கான இளைப்பாற்றி செபத்தின் முதல் அடியைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டம், என்ன நடக்கிறது என்று புரியாமலே, பிறந்ததிலிருந்து பழகின வாயால் அடுத்த அடியைச் சொன்னது. ஆயிரம் பேர். மெடலுக்குக் கைதட்டின அதே ஆயிரம் பேர். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று ஒவ்வொருவருக்காக உறைத்தது. முன்வரிசையில் ரெஜினா, அவளும் சேர்ந்து சொன்னவள், வாயில் கையை வைத்துக்கொண்டாள். மிக்கேல் ஏற்கெனவே கோயிலைப் பார்த்து நடந்துவிட்டார். துக்கமணி ஒன்று விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. கித்தேரி இரண்டையும் எண்ணினாள். செத்துவிட்டான். அவளை விட்டுப் போகவில்லை, செத்துவிட்டான். சந்தோஷம் ஒரு முரட்டு அலையாக வந்து அடித்ததில் நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள்; அதற்குப் பின்னால் வேறொன்று வரும் என்று தெரியும், அழுகை, அது வீட்டுக்குப் போய். இங்கே இல்லை. இவர்கள் முன்னால் இல்லை. அவள் நிமிர்ந்து, தாலியைக் கஸ்பாரின் கழுத்தில் மாட்டினாள். கேப்டன் தொப்பி தடுத்தது. சரடை அகட்டி இறக்க வேண்டியிருந்தது.

ஆல்பர்ட் முகம் செத்து நின்றான். கை தன்னால் தாலியை நோக்கிப் போனது. வரிசையில் நின்ற பெண்கள் ஒரே குரலில், "தொடாத!" என்றார்கள், அவன் சொந்தச் சித்தி உட்பட. கை பாதியில் நின்றது.

"நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்த வருவேன்" என்றாள் கித்தேரி அவனிடம். "வருசா வருசம் வருவேன், நான் இருக்க வரைக்கும். முந்தின நாளே வெள்ளையடிச்சு வச்சிரு தம்பி. எம்புருசன் கல்லறை அழுக்கா கிடக்கப்படாது."